நன்றி கெட்ட பெண்கள்

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள்; ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆடப் போவார்கள். 2025 சீசன் அந்த மரியாதையைக் கெடுத்துவிட்டது. ஜூலை 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன் பயிற்சிக்கு இறங்கிய வீராங்கனைகள் கறுப்பு டி-ஷர்ட் போட்டு வந்தார்கள். எங்களுக்குச் சேரவேண்டிய பாக்கியை எடுத்து வை என்று அதில் எழுதியிருந்தது. ஆட்டம் முடிந்து நஃபீசா காலியருக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுக்கும் நேரத்தில் அரங்கமே 'அவர்களுக்குக் கொடு' என்று கத்தியது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து உள்ளே வந்த ஜனம், முதலாளியின் காசுக்கும் கை நீட்டுகிறது. காலம் கெட்டுத்தான் போயிற்று.

அப்படி என்ன குறை வைத்துவிட்டார்கள் இந்தப் பெண்களுக்கு? கேட்லின் கிளார்க்கையே எடுத்துக்கொள்வோம். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டில் முதல் ஆளாக இண்டியானா ஃபீவர் அணிக்குப் போனவர். அவர் ஆட வருகிறார் என்றதும் எதிரணிகள் தங்கள் வழக்கமான அரங்கம் போதாது என்று பெரிய அரங்கம் தேடி ஓடின. லீக் அவருக்குக் கொடுத்த முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். அதே வருடம் ஆண்களின் என்.பி.ஏ.வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பையனுக்கு 1.2 கோடி டாலருக்கு மேல். பெண்கள் ஆடும் பந்து சுற்றளவில் ஓர் அங்குலம் சிறியது. மீதிப் பணம் அந்த அங்குலத்தில்தான் போயிருக்க வேண்டும்.

கேட்டால் நஷ்டக் கணக்கை எடுத்து நீட்டுவார்கள். 1997இல் தொடங்கியதிலிருந்து ஆண்டுக்குச் சராசரி ஒரு கோடி டாலருக்கு மேல் கையைக் கடிக்கிறது என்று என்.பி.ஏ. தலைவர் ஆடம் சில்வரே 2018இல் சொன்னார். பாவம்தான். ஆனால் 2025 ஜூன் 30 அன்று கிளீவ்லேண்ட், டெட்ராய்ட், பிலடெல்பியா என்று மூன்று ஊர்களுக்குப் புதிய அணி தருவதாக இதே லீக் அறிவித்தது. ஓர் அணிக்கு நுழைவுக் கட்டணம் 25 கோடி டாலர். சில ஆண்டுகளுக்கு முன் கோல்டன் ஸ்டேட் கொடுத்தது வெறும் 5 கோடி. 2026 முதல் 11 ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி உரிமை 220 கோடி டாலர். விலை சொல்லும்போது பொன்சட்டி, கூலி கொடுக்கும்போது மண்சட்டி. சட்டி என்னவோ ஒன்றுதான், மாமியார்தான் நேரத்துக்கு ஒன்று சொல்கிறாள்.

2025இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு சுமார் 15 லட்சம் டாலர். ஒரே ஒரு புதிய அணியின் நுழைவுக் கட்டணத்தை வைத்து அந்தக் கணக்கில் ஓர் அணிக்கு 165 வருடம் சம்பளம் போடலாம். கூடைப்பந்து என்ற ஆட்டத்தையே ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல்தான் கண்டுபிடித்தார். நஷ்டத்தில் ஓடும் கடைக்கு இந்த விலை கொடுத்துப் பங்காளியாக வர வரிசையில் நிற்கும் கோடீஸ்வரர்கள் என்ன, கணக்குத் தெரியாத அப்பாவிகளா?

சிக்கனம் என்றால் இந்த லீக்கின் சிக்கனம் வேறு எங்கும் கிடையாது. 2018 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஏசஸ் அணி விமானத் தாமதங்களில் சிக்கி, 25 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. இந்த உடம்போடு ஆடினால் காயம்தான் மிஞ்சும் என்று வீராங்கனைகள் ஆட மறுத்தார்கள். லீக் இரக்கப்பட்டதா? ஆடாமலே தோற்றதாக எழுதிக்கொண்டது. அந்த ஆண்டு ஒரே ஆட்ட வித்தியாசத்தில் ஏசஸுக்கு பிளேஆஃப் நழுவியது.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று 2021இல் நடந்தது. நியூயார்க் லிபர்ட்டி உரிமையாளர் ஜோ சாய், தன் அணிப் பெண்களைத் தனி விமானத்தில் அனுப்பிவிட்டார். திருட்டுத்தனமாக! லீக் விடுமா? 5 லட்சம் டாலர் அபராதம். நெட்டையான பெண்கள் எகானமி இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு போனால்தான் போட்டி சமமாக இருக்குமாம். ஒருத்தி மட்டும் காலை நீட்டித் தூங்கினால் அநியாயமாம். பிறகு கிளார்க் வந்தார், கூட்டம் வந்தது, கேமராக்கள் விமான நிலையம் வரை துரத்தின. 2024 மே மாதம் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் என்று அதே லீக் அறிவித்துத் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டது. அதே மூச்சில் சாயின் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

இத்தனையும் கேலிக்கு ஆகும். வீராங்கனை பிரிட்னி கிரைனரின் கதை கேலிக்கு ஆகாது. லீக்கின் உச்சச் சம்பளமே 2022இல்கூட இரண்டேகால் லட்சம் டாலர் சொச்சம்தான் என்பதால், பெரிய ஆட்டக்காரர்கள் குளிர்காலம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் பிழைக்கப் போனார்கள். அப்படிப் போன டயானா டாரசிக்கு ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் கிளப் சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்து, அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொன்னது. அவரும் 2015 சீசன் முழுக்க ஆடவில்லை. ஆடாமல் இருப்பதற்கு ரஷ்யா கொடுத்த மதிப்பு, ஆடுவதற்கு அமெரிக்கா கொடுத்ததைவிடப் பல மடங்கு. அதே கிளப்புக்கு ஆடப் போன கிரைனரை 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடித்தார்கள். பெட்டியில் இருந்தது கொஞ்சம் கஞ்சா எண்ணெய். தீர்ப்பு ஒன்பது ஆண்டு. ஓர் ஆயுத வியாபாரியை விடுவித்து டிசம்பரில் அவரை மீட்டது அமெரிக்கா. லீக் அவருடைய சம்பளத்தைக் கொடுத்தது, எல்லா அரங்கத் தரையிலும் அவருடைய 42 என்ற எண்ணை ஒட்டி வைத்தது. அவர் ஏன் அங்கே போக வேண்டியிருந்தது என்பதை எந்தத் தரையிலும் ஒட்டவில்லை. அடுத்த ஆண்டே, வெளிநாட்டு ஆட்டம் முடித்துத் தாமதமாகத் திரும்புகிறவர்களுக்கு அபராதம் என்ற விதி அமலுக்கு வந்தது. 2024 முதல் அப்படித் தாமதித்தவர்களுக்கு அந்த சீசனே கிடையாது என்றானது. பசித்தவள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டது குற்றம். சோறு போடாதது குற்றமில்லை.

2025இல் இன்னொரு கூத்து. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பச்சை நிறப் பாலியல் பொம்மைகளைக் களத்துக்குள் வீசினார்கள் சில பார்வையாளர்கள். கைதுகளும் நடந்தன. விசாரித்தால் ஒரு கிரிப்டோ கும்பல், எங்கள் நாணயத்துக்கு விளம்பரம் என்று மார்தட்டியது. உழைத்து வியர்க்கிறவள் மேல் குப்பையை எறிந்துகூட ஒருவன் காசு பார்க்க நினைக்கிறான். அவள் பங்கு கேட்டால் மட்டும் பேராசை.

செப்டம்பர் 30 அன்று காலியர் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, எழுதி வந்ததை வாசித்தார். தொலைக்காட்சி ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்ததற்கு வீராங்கனைகள் முழங்காலில் நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று லீக் ஆணையர் கேத்தி எங்கல்பர்ட் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். கிளார்க் வெளியே சம்பாதிப்பதற்கும் நன்றியோடு இருக்க வேண்டுமாம். கிளார்க்கைப் பற்றி அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார் ஆணையர். டெலாய்ட் என்ற கணக்குக் கம்பெனியின் அமெரிக்கத் தலைவராக இருந்தவர் அவர்; வரவு செலவில் நன்றியை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அக்டோபரில் ஃபீனிக்ஸ் அணியை 4-0 என்று சுருட்டிய ஏசஸுக்கு அவர் கோப்பை கொடுக்க வந்தபோது, கூட்டம் 'பூ' என்று கூச்சலிட்டு வரவேற்றது.

அதே மாதம் தொலைக்காட்சியில் தோன்றினார் சில்வர். என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் வருமானத்தில் ஏறக்குறைய பாதியை வாங்குகிறார்கள். பெண்களுக்கோ பத்து சதவீதம்கூடத் தேறவில்லை என்று பரவலாகப் பேசப்பட்டது. அவர்களுக்கும் பெரிய பங்கு உண்டா என்று கேட்டார்கள். பங்கு என்று பார்ப்பது சரியல்ல, கைக்கு வரும் தொகையைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார்.

அருமையான தத்துவம். முதலில் உரிமையாளர்களே கடைப்பிடித்துக் காட்டட்டும். கிளீவ்லேண்ட் காசும் டெட்ராய்ட் காசும் பிலடெல்பியா காசும் வந்து சேரும்போது யாரும் சதவீதம் பேச வேண்டாம். ஆளுக்கு 78,066 டாலர் எடுத்துக்கொள்ளட்டும். கிளார்க்கின் இரண்டாம் வருடச் சம்பளம் அது. முதல் வருடத்தைவிட முழுசாக 1,531 டாலர் கூடுதல். தொகையைப் பாருங்கள் ஐயா, தொகையை!