தானம் கொடுத்த மாடும் அதன் விலையும்

புண்ணியம் சேர்க்க இருப்பதிலேயே சுலபமான வழியை மேற்கு நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அலமாரியைக் காலி செய்வது. சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் நாலு மேசையைப் போட்டு, தெருத்தெருவாகப் போய்ப் பழைய ஜீன்ஸ், சட்டை, செருப்பு, குளிர்பான டின்னின் மூடி வளையம் வரைக்கும் வாங்கி வந்து குவித்தால் போதும். கடல்கடந்த ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கைவினைஞர் வீட்டில் அடுப்பு எரியும். துண்டறிக்கை அப்படித்தான் சொல்கிறது. எந்த நாடு, எந்தக் கைவினைஞர் என்று கேட்பது நாகரிகமில்லை. சேகரிக்கும் தன்னார்வலருக்கு இலவசமாக ஒரு டி-ஷர்ட் உண்டு. நெஞ்சில் 'நான் உதவுகிறேன்' என்று அச்சடித்திருக்கும். அடுத்த வருடம் அதுவும் பழைய துணிப் பைக்குள் விழும்.

கைவினைஞர்கள் இல்லாமல் இல்லை. பிரேசிலில் டின் வளையங்களை நூலால் பின்னிக் கைப்பை செய்கிறார்கள். உகாண்டாவில் பழைய தாளைச் சுருட்டி மணி கோக்கிறார்கள். கென்யாவில் கரையொதுங்கும் ரப்பர் செருப்புகளை ஒட்டிச் செதுக்கி யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஆக்குகிறார்கள். அந்தச் செருப்புக்காக எந்தத் தேவாலயக் கூடத்திலும் மேசை போடவில்லை. துண்டறிக்கையோ டி-ஷர்ட்டோ கேட்காமல் இந்தியப் பெருங்கடலே சுமந்து வந்து கொட்டிவிட்டுப் போகிறது. இவர்களுக்குக் குப்பைக்குப் பஞ்சமில்லை, அதற்காக அயல்நாட்டில் கையேந்தத் தேவையுமில்லை.

சரி, அந்தப் பழைய துணிப் பை எங்கே போகிறது? நல்லதாக நாலு துணி தொண்டு நிறுவனத்தின் கடையில் தொங்கும். மீதியில் பெரும்பகுதி எடை போட்டு வியாபாரிக்கு விற்கப்படும். அவர் தரம் பிரித்து, 55 கிலோ பேலாக அழுத்திக் கட்டி, கன்டெய்னரில் ஏற்றுவார். பிரிட்டனிலிருந்து கிளம்பியது கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து தலைநகர் அக்ராவின் கந்தமாந்தோ சந்தை. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு விலை. ஓசியில் கைமாறியது ஒரே ஒரு முறைதான்: நீங்கள் பையைப் போட்டபோது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கந்தமாந்தோவில் அந்த மாட்டைக் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். பல்லையும் பார்க்க முடியாது. பேல் கட்டுப் பிரிக்காமல் விற்கப்படும். வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொட்டிவிட்டுப் பிரித்தால், உள்ளே அக்குளில் மஞ்சள் படிந்த சட்டைகளும், மினசோட்டாவில் எவரோ ஓடிய மாரத்தானின் பனியனும், ஒற்றைக்கால் ஜீன்ஸும் சிரிக்கும். அதில் திருப்பூரில் தைத்ததும் இருக்கும். நம் பங்குக்கு நாமும் கைங்கரியம் செய்திருக்கிறோம்.

அந்தப் பேலைச் சந்தைக்குள் தலையில் சுமப்பவர்கள் கயாயெய் என்று அழைக்கப்படும் பெண்கள். வடக்கு கானாவிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள், பலர் இன்னும் சிறுமிகள். ஐம்பத்தைந்து கிலோ, கழுத்தெலும்பின் மேல், நெரிசலில், சில சமயம் முதுகில் குழந்தையோடு. உங்கள் துண்டறிக்கையில் சிரிக்கும் கைவினைஞரின் படம் இருக்கிறது. இந்தப் பெண்களின் கழுத்து எக்ஸ்ரேயையும் அதன் பக்கத்தில் போடலாம். இடமில்லை என்றால் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் சுருக்கலாம்.

கந்தமாந்தோவில் கைவினைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். யானை சைஸ் சட்டையை மனித சைஸுக்குக் குறைக்கும் தையல்காரர்கள், வெளிறிய ஜீன்ஸுக்கு மறுபடி சாயம் ஏற்றுபவர்கள், கறை எடுப்பவர்கள், இஸ்திரி போடுபவர்கள். பழைய துணிக்கு மறுபிறவி கொடுப்பதில் அவர்களுக்கு நிகரான ஆட்களைத் தேடத்தான் வேண்டும். அவர்களை யாரும் ஆதரிக்கவில்லை. உங்கள் ஊர்க் குப்பையை அவர்கள்தான் சொந்தக் காசில் வாங்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் கிடைக்காத பாக்கியம்: கூலி கிடையாது, குப்பைக்கு விலை கொடுக்க வேண்டும், கொடுத்தவருக்கு நன்றியும் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்தையில் வேலை செய்யும் ஓ.ஆர். ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்கில், வாரத்துக்குச் சுமார் 1.5 கோடி துணிகள் வந்து இறங்குகின்றன. 40 சதவீதம் குப்பையாக வெளியேறுகிறது. பழைய துணி இறக்குமதியாளர்கள் கொதித்துப்போய், வெறும் 5 சதவீதம்தான் என்கிறார்கள். வம்பு எதற்கு, அவர்கள் சொல்வதையே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 7.5 லட்சம். ஏழரைதான், சனி பிடித்ததற்குத் தனியாக ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. அந்தக் குப்பையில் ஒரு பகுதி கோர்லே காயல் வழியாகக் கடலுக்குப் போய், முறுக்கிப் பின்னிய கயிறாகத் திரும்பி வந்து அக்ராவின் கடற்கரை மணலில் புதைந்து கிடக்கிறது. மீனவர் வலையிலும் வருகிறது. ஆக, மீனவருக்கும் உதவிவிட்டீர்கள்.

இத்தனையும் யாருக்கு? நெசவே தெரியாத காட்டுவாசிகளுக்கா? கானா, கென்டே துணி நெய்த நாடு. அந்த நெசவுக்கலை 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏற்றிக் கைதட்டியதும் அதே உலகம்தான், மறுநாள் காலை பேலை இறக்கியதும் அதே உலகம்தான். அடுத்த மாதமே, 2025 ஜனவரி முதல் தேதி இரவு, கந்தமாந்தோவில் தீப்பிடித்துச் சந்தையின் பெரும்பகுதி சாம்பலானது. துணி எரிந்தது, தையல் மெஷின் எரிந்தது. கடன் மட்டும் தீப்பிடிக்காத சரக்கு.

'வேண்டாம் என்றால் வாங்காமல் இருக்கலாமே' என்று ஒரு புத்திசாலி கேட்பார். கேட்கட்டும். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் அதைத்தான் செய்து பார்த்தன. எங்கள் ஊரில் ஆலைகள் பிழைக்க வேண்டும், 2019க்குள் பழைய துணி இறக்குமதியை நிறுத்திவிடுகிறோம் என்று 2016இல் கூடிப் பேசி முடிவெடுத்தன. ருவாண்டா கிலோவுக்கு 20 சென்ட்டாக இருந்த வரியை 2.50 டாலராக உயர்த்தியது. உடனே அமெரிக்காவில் யார் கதறினார்கள் தெரியுமா? பழைய துணி வியாபாரிகளின் சங்கம். 2017இல் அரசிடம் மனுப் போட்டது: இவர்கள் வாங்க மறுத்தால் எங்கள் நாட்டில் 40,000 பேர் வேலை போகும்! பிச்சைக்காரன் திருவோட்டைக் கவிழ்த்துவிட்டான், என் பிழைப்பு போச்சு என்று தர்மப்பிரபு கோர்ட்டுக்குப் போன கதையை எந்தப் புராணத்திலும் கேட்டதில்லை.

மனு வீண்போகவில்லை. ஆப்பிரிக்க வளர்ச்சி மற்றும் வாய்ப்புச் சட்டம் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம். அதன்கீழ் அந்த நாடுகள் அப்போது தங்கள் பொருள்கள் பலவற்றை வரியில்லாமல் அமெரிக்காவில் விற்க முடிந்தது. அந்தச் சலுகை பறிபோகும் என்று மிரட்டல் வந்தது. கென்யா முதலில் பின்வாங்கியது. தான்சானியாவும் உகாண்டாவும் இறங்கி வந்தன. ருவாண்டா மட்டும் அசையவில்லை. 2018 ஜூலையில் ருவாண்டாவின் ஆயத்த ஆடைகளுக்கு இருந்த வரிச்சலுகை நிறுத்தப்பட்டது. புரிகிறதா? அவர்கள் தைத்த புதுச் சட்டை அமெரிக்காவுக்குள் வர வரி கட்ட வேண்டும், ஏனென்றால் அமெரிக்கர் கழற்றிப் போட்ட சட்டையை அவர்கள் உடுத்த மறுத்தார்கள். கைவினைஞரை ஆதரிப்பது என்றால் இதுதான், அரசிதழில் வெளியான பதிப்பு. மேசை போட்டுப் பை அடுக்கிய எந்தத் தேவாலயக் கூடத்திலும் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நடந்ததாகத் தகவல் இல்லை.

கந்தமாந்தோக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு ஊகம் தேவையில்லை, வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். 2023இல் அந்தச் சந்தை வியாபாரிகள் சிலர் விமானம் ஏறி பிரஸ்ஸல்ஸுக்கே போனார்கள். புதுத் துணி தயாரிக்கும் கம்பெனிகளிடம் துணிக் கழிவுக்காக வசூலிக்கும் கட்டணத்தில், கழிவை உண்மையில் கையாளும் எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்றார்கள். புதுத் துணி ஒன்றுக்குக் குறைந்தது 50 சென்ட்டாவது கட்டணம் வேண்டும் என்பது ஓ.ஆர். ஃபவுண்டேஷன் வைத்த கணக்கு. ஐரோப்பிய அதிகாரிகள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். பேல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த 50 சென்ட்டுக்காகத் தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்ட ஒரு தன்னார்வலர் தேவைப்படுகிறார், டி-ஷர்ட் கிடையாது.