முன்கட்டும் பின்கட்டும் இணையுமிடத்துத் தோன்றும் வழுக்கள்: ஊவா மலைத்தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்குலர், ரியாக்ட், வியூ முதலான ஃப்ரண்ட் எண்ட் கட்டமைப்பு ஒன்றை, பேக் எண்டில் குந்தியிருக்கும் வெப் ஏபிஐயோடு இணைப்பது எப்படி என்று உலகெங்கும் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். விடை கலிஃபோர்னியாவில் கிடைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ரோய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டு அங்குள்ள இர்வைன் பல்கலைக்கழகத்தில்தான் ரெஸ்ட் முறையைத் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்துக் கொடுத்தார். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இணைப்பில் வரும் கோளாறுகளின் பூர்வீகம் இலங்கையின் ஊவாவிலுள்ள பதுளை மாவட்டம் என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் வகைப்பாடு. வகைப்பாடு இல்லாத ஆய்வை எந்தப் பல்கலைக்கழகமும் கட்டி முடிக்க விடாது. இலங்கைத் தேயிலையை 2000 அடி வரை தாழ்நிலம், 4000 அடி வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம் என்று பிரிப்பது வழக்கம். கணினிக்குள் ஓடும் சேவைகளும் ஆளுக்கொரு எண்ணில் குடியிருக்கின்றன, போர்ட் என்பார்கள். எக்ஸ்பிரஸ் பாடங்களில் வரும் 3000, சந்தேகமில்லாமல் இடைநிலம். ஆங்குலரின் 4200 உயர்நிலம். பண்டாரவளைக்குச் சற்று மேலே, அப்புத்தளைக்குக் கீழே. வீட் (Vite) என்ற கருவியின் 5173 அப்புத்தளையையும் தாண்டிவிடுகிறது. ஜாவாவில் ஓடும் டொம்கெட்டின் 8080 நமுனுகுல உச்சியைக் கடந்து, 8281 அடி உயரமுள்ள பீதுருதாலகாலைக்குக் கிட்டப் போய் நிற்கிறது. அந்தக் குளிரில் தேயிலைத் தோட்டம் கிடையாது; ஜாவா மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறது. இந்த வகைப்பாட்டால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. எனவே ஆய்வுத் தகுதி முழுமையாக உண்டு.

சங்கடம் இதற்கு அடுத்த படியில். பதுளை டவுனில் ஒரு வாடகை அறை, ஒரே ஒரு மடிக்கணினி என்று வைத்துக்கொள்வோம். 4200இல் ஆங்குலர் ஓடுகிறது, 5000இல் ஏஎஸ்பி டொட் நெட் கோர் ஓடுகிறது. எழுதியவர்கள் இருவரும் அதே அறையில். முன்னது பின்னதிடம் கொழுந்துக் கணக்கைக் கேட்கிறது. கேள்வி 127.0.0.1 என்ற முகவரிக்குப் போகிறது. அதாவது கணினியை விட்டு வெளியே கால் வைக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி அதே கணினிக்குள் வந்து சேர்கிறது. (தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் மலையை வளைத்து வந்து அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைவதைப் பார்த்தவர்கள் இதற்கெல்லாம் வாய் பிளக்கமாட்டார்கள்.) பேக் எண்ட் பதிலும் கொடுத்துவிடுகிறது. அதன் கறுப்புத் திரையில் 200 என்று லட்சணமாக விழுகிறது. பிரவுசரின் கன்சோலிலோ ஒரு சிவப்பு வரி: கோர்ஸ் கொள்கையின்படி தடுக்கப்பட்டது.

தடுத்தது யார் என்பதில்தான் அறைக்குள் சண்டை மூள்கிறது. ஃப்ரண்ட் எண்ட் எழுதியவர் பேக் எண்ட்காரரைத் திட்டுவார். பேக் எண்ட்காரர் போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியைத் திறந்து, அதே கேள்விக்குப் பதில் ஒழுங்காக வருவதைக் காட்டித் தம் கையைக் கழுவிக்கொள்வார். இருவரும் குற்றவாளி அல்லர். பதிலை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்க மறுப்பது பிரவுசர். 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் கொண்டுவந்த விதி அது: ஓரிடத்திலிருந்து இறங்கிய ஜாவாஸ்கிரிப்ட், வேறிடத்துச் சரக்கைத் தொடக்கூடாது. நெறிமுறை, பெயர், போர்ட் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஓரிடம். ஒன்று பிசகினாலும் அந்நியம். ஆக 4200உம் 5000உம் ஒரே மேசையில், ஒரே மின்வயரில் இருந்தாலும் சட்டப்படி வெவ்வேறு தோட்டங்கள்.

இந்த விதியைத் தளர்த்தத்தான் கோர்ஸ் வந்தது. டபிள்யூ3சி அதை 2014இல் பரிந்துரையாக வெளியிட்டது. ஜேசனோ டோக்கனோ சுமந்து போகும் கேள்வி என்றால், பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் என்றொரு முன்விசாரணையை அனுப்பும்: இன்ன இடத்திலிருந்து ஆள் வருகிறது, எடுப்பீர்களா? பேக் எண்ட் தன் பதிலில் ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஒரிஜின் என்ற தலைப்பில் அந்த இடத்தின் பெயரை எழுதித் தந்தால்தான் கதவு திறக்கும்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் மலையகத்தில் யாரையும் விசாரித்ததில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களிடம் தகரச் சீட்டு இருந்தது. சின்னத் தகர வில்லை. அதில் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண். வழியில் நிறுத்துபவர்கள் எண்ணைப் பார்த்தார்கள், அனுப்பினார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. முகம் பார்க்க வேண்டியதில்லை. இன்றைய பேரர் டோக்கனின் இலக்கணமும் அதுதான்: வைத்திருப்பவர் எவரோ, அவரே உரியவர்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகு துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் பேர் பதியப் போகிறவர் கையில் பழைய துரையின் துண்டு இருக்கவேண்டும்: இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்பேன். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் ஆளோடு கூடவே நடந்து போகும். துண்டு இல்லையென்றால் 403, அனுமதியில்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் இதை ஒழிக்க முடிந்தது. ஜேடபிள்யூடி டோக்கனையும் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தட்டுப்படும் வேறுபாடு சிறியதுதான்: டோக்கனில் காலாவதி நேரம் எழுத ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

கோர்ஸ் நோய்க்கு மருந்து பேக் எண்டில் இரண்டு வரி. ஆனால் அனுமதிப் பட்டியலில் முகவரியின் வாலில் ஒரு சாய்கோடு கூடுதலாக விழுந்தால் மருந்து வேலை செய்யாது. பிரவுசர் அனுப்பும் பெயரில் அந்தக் கோடு இருக்காது, இரண்டும் பொருந்தாது. அந்த ஒற்றைக் கோட்டுக்குப் பலியான இரவுகள் அநேகம். விடியற்காலையில் பொறுமை இழந்து நட்சத்திரக் குறி போட்டு, வருகிற போகிற எல்லோரையும் உள்ளே விடுகிறவர்களும் உண்டு. குக்கியோடு வரும் கேள்விக்கு நட்சத்திரம் செல்லாது என்பது அதற்குப் பிறகு தெரியவரும். ஆங்குலரின் புரொக்சியை வைத்து எல்லாம் 4200 வழியாகவே போவதுபோல் காட்டுவது இன்னொரு வைத்தியம். உருவாக்கும் மடிக்கணினியில் மட்டும் பலிக்கும்.

இனி 418. ஆய்வின் உச்சம் இது.

1998 ஏப்ரல் 1 அன்று, லாரி மாசிண்டர் கோப்பிப் பானையை இணையம் வழியாக இயக்கும் நெறிமுறை ஒன்றை, ஆர்எஃப்சி 2324 என்ற எண்ணில், முட்டாள்கள் தினப் பகிடியாக வெளியிட்டார். டீ பொட்டிடம் கோப்பி கேட்டால் அது 418 என்று பதில் சொல்லவேண்டும்: நான் ஒரு டீ பொட். பகிடி பலித்து, நோட் ஜேஎஸ் முதல் கோ மொழி வரை அந்த எண் குடியேறிவிட்டது. 2017இல் அதை அகற்றப் புறப்பட்டார்கள். பதின்ம வயதுப் பையன் ஒருவன் கிளப்பிய எதிர்ப்பில் முயற்சி நின்றது. எண் இப்போது வேறெதற்கும் கொடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் 418 முதன்முதலில் விழுந்தது 1869இல், மடுல்சீமையில். அதுவரை இலங்கை மலைகள் கோப்பி மலைகள். அவ்வாண்டு மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது செம்மஞ்சள் பொடி அப்பிக் கிடந்தது. ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணம். இருபது ஆண்டுக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையில் தம்பேதென்னையை வாங்கினார். கோப்பி கேட்டவர்களிடம் ஒரு நாடே நான் டீ பொட் என்று சொன்ன சம்பவம் வேறெங்கும் இல்லை. முன்பு இருந்து நிரந்தரமாகப் போய்விட்ட பொருளுக்கு 410 அல்லவா சரி என்று விதிநூல் பார்ப்பவர்கள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை நியாயமானது. ஆய்வின் தலைப்புக்கு அது ஒத்துவராததால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

எடுத்துக்கொள்ளவேண்டிய மனக்குறை வேறொன்று. 2014 ஏப்ரல் 1 அன்று அந்த நெறிமுறையைத் தேநீருக்கும் விரித்து ஆர்எஃப்சி 7168 வந்தது. அதில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ள முகவரிகள் டார்ஜிலிங், ஏர்ல் கிரே, பெப்பர்மிண்ட். பெப்பர்மிண்ட் தேயிலையே அல்ல. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் புதினா வாடை ஏறி, கொழும்பு ஏலத்தில் தனி மதிப்புப் பெறும் ஊவாத் தேயிலைக்கு அங்கே முகவரி இல்லை. கேட்டால் 404.

பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் கணினி விஞ்ஞானமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஏப்ரல் முதலாம் திகதி ஆர்எஃப்சியை யாரும் எழுதி அனுப்பலாம். குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் பதிப்பாசிரியரிடம் போய்ச் சேரவேண்டும் என்பதே நிபந்தனை. அந்த இரண்டு துறைப் பிள்ளைகளும் கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஊவாத் தேயிலைக்கு முகவரி தரும் ஒன்றை மார்ச் நடுப்பகுதிக்குள் எழுதி முடித்து அனுப்பிவைக்க வேண்டும். அனுமதிப் பட்டியலில் சாய்கோடு போடாமல்.