மாஸ்கோ நேரம்

கேள்வி: மாஸ்கோவில் ரயில் ஏறி விளாடிவாஸ்டாக்கில் இறங்குபவர் கடிகாரத்தை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

பதில்: 7 மணி நேரம். ஆனால் நாள்காட்டியில் கிழிக்க வேண்டியது ஏறக்குறைய 7 தாள்! பாதையின் நீளம் 9,288 கிலோமீட்டர் அல்லவா?

1891-இல் இந்தப் பாதை போடும் வேலை தொடங்கியது. வழியை மறித்துக் கிடந்தது உலகின் மிக ஆழமான ஏரியான பைகால். அதைக் கடக்க இங்கிலாந்தில் ஒரு கப்பல் செய்து, பாகம் பாகமாகக் கழற்றிக் கொண்டுவந்து, ஏரிக்கரையில் பூட்டினார்கள். பனிக்கட்டியை உடைத்தபடி ரயில் பெட்டிகளைச் சுமந்து சென்றது அது. அந்தக் கப்பலுக்கும் ஒரு சோதனை வந்தது. 1904 குளிர்காலத்தில் ஜப்பானோடு போர்; ஏரியோ இறுகிப்போயிருந்தது. உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டு, பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்தார்கள். மனித முயற்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி ரயில் வரலாற்றில் அரிது.

1916-இல் அமுர் நதிப் பாலம் திறந்த பிறகுதான் பாதை முழுவதும் ரஷ்ய மண்ணிலேயே அமைந்தது.

கடிகாரக் கதைக்கு வருவோம். நெடுங்காலம் வழியிலுள்ள எல்லா ஊர்களிலும் ரயிலுக்கு மாஸ்கோ நேரம்தான். ஊரில் பொழுது விடிந்திருக்கும், ஸ்டேஷன் கடிகாரத்தில் நள்ளிரவாக இருக்கும். 2018 ஆகஸ்ட் முதல் டிக்கெட்டில் உள்ளூர் நேரத்தையே அச்சிடுகிறார்கள்.