கொட்டமுத்துக்கு வந்த வாழ்வு

ஏண்டா பேராண்டி, விளக்கெண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கினு படகுப் பக்கம் எங்கே போறே? இன்ஜினுக்கு வயிறு கட்டிக்கிச்சா?

ஓ, வீடியோவுல ஒருத்தன் சொன்னானா! ரேஸ் வண்டிக்காரனே ஊத்துறான், நாமளும் ஊத்தலாம்னு. பாதி நெசம்தான். மொத உலகப் போர்ல ஆகாய விமானத்துக்கே இதைத்தான் ஊத்தினான். அந்த ஆவியை மூச்சுல இழுத்த பைலட்டுங்களுக்கு வயிறு கலக்கிச்சாம். அதை உன் வீடியோக்காரன் சொல்லியிருக்க மாட்டான்.

திருக்கழுக்குன்றத்துக் குளத்துல சங்கு பொறக்குற வருஷம் உன் கொள்ளுப்பாட்டன் அங்க வண்டி கட்டிக்கினு போவாரு. வைக்கோல் கரியை இந்த எண்ணெயில கொழைச்சித்தான் அச்சுக்கு மை போடுவாரு. அதுக்கு அது போதும். மாட்டு வண்டிச் சக்கரம் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுத்து சுத்தாது.

பச்சை எண்ணெய் இரும்பைக் கெட்டியாப் புடிச்சிக்கும், அது கெட்டிக்காரத்தனம். சூட்டுல பிசினாயி பிஸ்டன் ரிங்கையும் புடிச்சிக்கும், அது லட்சணம். இன்னொண்ணு, பூமியில இருந்து எடுக்குற மினரல் ஆயிலோட சரியா ஒட்டாது, பங்காளி மாதிரி தனியா ஒதுங்கி நிக்கும்.

அதனாலதான் ஃபேக்டரிக்காரன் அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்து அனுப்புறான். ஹைட்ரஜன் ஏத்தினா எண்ணெய் மெழுகாயிடும். அதுல இருந்து அமிலத்தைப் பிரிச்சி லித்தியம் சேர்த்து சோப்பாக்கினா கிரீஸுக்கு ஆச்சு. உன் பைக்கு சக்கரத்து பேரிங்குல இருக்கறது அநேகமா அந்த வகைதான். இந்த எண்ணெய்க்காகத்தான் குஜராத்துக்காரன் ஏக்கர் ஏக்கரா கொட்டமுத்து போடுறான். நீ இங்க வேலியோரம் மொளைச்சதைப் புடுங்கி எறியறே.

கந்தகம் ஏத்துறது வேற வித்தை. ரெண்டு பல்சக்கரம் நசுக்கிக்கினு உரசுற எடத்துல அந்தக் கந்தகம் இரும்போட கூடி மெல்லிசா ஒரு தோல் போடும். பல்லு ஒண்ணையொண்ணு கடிச்சிக்காது. செடி எண்ணெயிலயும் ஏத்தலாம். ஆனா முன்னே இந்த வேலைக்குப் பெரிசா எதைப் புடிச்சான் தெரியுமா? எண்ணெய்த் திமிங்கிலத்தை! 1970-ல அமெரிக்காக்காரன் அது அழியுற பிராணின்னு பட்டியல்ல சேர்த்து நிறுத்தினான். அப்பறம்தான் ஹொஹோபா மாதிரி செடிங்களுக்கு யோகம் அடிச்சிது. தேவனேரியில வலை போடுறவன் நீ, அந்தச் செடிக்கு ஒரு கும்பிடு போடு.

அந்தக் கந்தகம் ஏத்துன எண்ணெயையும் ஆயில்ல துளியாத்தான் சேர்ப்பான்; நீ டப்பாவோட கவுக்கப் பாக்கறே. வேணாம், இன்ஜின் கம்பெனி சொன்ன ஆயிலை வாங்கி ஊத்து. இல்ல, ஊத்தியே தீருவேன்னா ஊத்து, தாராளமா ஊத்து. நடுக்கடல்ல இன்ஜின் நின்னா துடுப்புப் போட என்னைக் கூப்பிடாதே. வீடியோக்காரனுக்கு நீச்சல் தெரியுமான்னு மட்டும் இப்பவே கேட்டு வெச்சிக்கோ.