பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கட்டில்

போன போயா லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த மச்சான், காம்பராவுக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாகத் தொட்டிலைப் பார்த்து, "என்னா மச்சான், இன்னமும் தொட்டிலா? ஸ்கூலுக்கும் தொட்டிலோடதான் அனுப்புவீங்களா?" என்றார். பிளேன்டீ குடித்தார். தொட்டிலில் கிடந்த மகனைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு வந்துகொண்டிருக்கும் ஆலோசனைகளைக் கொழுந்து மடுவத்துத் தராசில் போட்டால் கம்பி அறுந்துவிடும்.

மகனுக்கு மூன்று வயது நெருங்குகிறது. ஸ்பிரிங் இளகிப்போய், ஒவ்வோர் ஆட்டுக்கும் அவன் பின்பக்கம் சிமெந்துத் தரையைத் தொட்டுவிட்டு வருகிறது. அது அவனுக்குப் பெரிய சந்தோஷம். கிளினிக்கில் நிறை பார்க்கத் தொங்கவிடும்போதும், யாராவது ஆட்டுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறான். இறக்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. பிள்ளையை அழவிடாமல் தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்ற அருமையான வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை.

கட்டில் படுப்பதற்கான சாமான் என்று யார் சொன்னது? எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் எந்த லயத்துக்கும் போய்க் குனிந்து பாருங்கள். கட்டிலின் உபயோகம் முழுக்க அடியில்தான். எங்கள் கட்டிலுக்கு அடியில் முதலில் தட்டுப்படுவது அம்மாவின் தகரப் பெட்டி. உள்ளே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துக் கடதாசிகள். 1964இல் போட்ட ஒப்பந்தம். இந்தியாவுக்குப் போனவர்கள் போய், இருந்தவர்கள் இருந்து, மிச்சம் இருந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அம்மா நம்பவில்லை. "நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, நீயா காட்டுவ?" என்கிறார். ஆகவே பெட்டி அசையாது.

பெட்டிக்குப் பின்னால் அரிசிச் சாக்கு. அதன்மேல், பழுக்கட்டும் என்று சாக்கில் சுற்றி வைத்த பலாப்பழம். இந்த சப்ரகமுவையில் அது எப்போது பழுத்தது என்பதை வீட்டுக்காரனுக்கு முந்தி அடுத்த காம்பராக்காரன் மூக்கு கண்டுபிடித்துவிடும். மூலையில் துருப்பிடித்த ரப்பர்ப் பால் வாளியும் பால்வெட்டுக் கத்தியும். தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய சாமான்கள், அதைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டாம். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட், பெரிய மனிதர்கள் வந்தால் எடுப்பதற்காக, கட்டுப் பிரிக்காமல். அப்படி ஒருவரும் இதுவரை வரவில்லை, மச்சானுக்கு எடுக்கவில்லை. கம்பி போன குடைகள். கால்மாட்டில், அடை வைத்த கோழி. குஞ்சு பொரிக்க 21 நாள். அதுவரை அந்தப் பக்கம் யாரும் சத்தமாகத் தும்மக்கூட அனுமதி இல்லை.

மேலே மட்டும் சும்மா கிடக்கிறதா? காயவைத்த துணி மடிக்கக் கட்டில். விருந்தாளி உட்காரக் கட்டில். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர் அமர்ந்து, ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் தருவதாகச் சொல்வதும் அதே கட்டிலில்தான். இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்து 10,000 வீடு என்று அறிவித்த செய்தியை அப்பா அதில் உட்கார்ந்துதான் டீவியில் பார்த்தார். இன்றும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்தால்தான் மகனைப் படுக்க வைக்க முடியும்.

கணக்குப் பார்ப்போம். வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்த காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் கட்டில், அலுமாரி, டீவி மேசை, ஆறு உயிர். தொட்டில் கூரை வளையில் தொங்குவதால் அதற்குத் தரைக்கணக்கு இல்லை. தூங்கி முடிந்ததும் சுருட்டி ஆணியில் மாட்டிவிடலாம். மகனைக் கட்டிலில் போட்டால் அப்பா பாய்க்கு. அப்பா பாய்க்கு வந்தால் தம்பி இஸ்தோப்புக்கு. தம்பி இஸ்தோப்புக்குப் போனால் விறகு வெளியே. விறகு வெளியே போனால், இந்த மழையில் காலையில் அடுப்பு எரியாது. பிள்ளையைச் சிறு வயதிலேயே தனி அறையில் படுக்கவைத்துப் பழக்க வேண்டும் என்று எழுதுகிற டாக்டர்மார் அந்த அறையையும் ஒரு பார்சலில் போட்டு அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

"அப்ப சின்னதா ஒரு கட்டில் வாங்குங்களேன்" என்றாள் மனைவி. அவிசாவளையில் ஒரு கடையில் விசாரித்தேன். ரப்பர் மரக் கட்டில், மொறட்டுவை வேலைப்பாடு. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் காற்று வாங்கினேன். ரப்பர் கன்று நட்டு ஆறேழு வருஷத்தில் வெட்டத் தொடங்குவார்கள். அப்புறம் ஒரு 25 வருஷம் பால் எடுப்பார்கள். பால் வற்றியதும் மரத்தை விழுத்தி, பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காமலிருக்க போரன் மருந்து ஏற்றிப் பலகையாக்குவார்கள். அம்மா இருட்டோடு எழும்பி, மரம் மரமாக அட்டைக்கடியோடு நின்று வெட்டியதும் இந்த ஜாதி மரத்தைத்தான். அது மொறட்டுவைக்குப் போய் வார்னிஷ் பூசிக்கொண்டு வந்து, எங்களிடமே தவணைக் காசு கேட்கிறது. நான் வாங்கவில்லை. கோபத்தில் வாங்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். காசு இல்லாததும் அதில் சேர்த்தி.

வழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, வருகிறேன். எரிச்சல் என்னவென்றால், பகலில் பிள்ளைக்காம்பராவில் இதே பையன் வெறும் பாயில் தூங்குகிறான். ஆயம்மா "படு" என்பாராம், படுத்துவிடுவானாம். தாலாட்டு இல்லை, ஆட்டல் இல்லை. "உங்க வீட்டுலதான் கெடுக்கிறீங்க" என்கிறார். இருக்கலாம். எங்கள் வீட்டில் தொட்டிலைத் தாண்டிப் போகிற எந்தக் கையும் ஓர் இழுப்பு இழுக்காமல் போவதில்லை. பிள்ளை இல்லாத நேரத்திலும் என் கை தானாகப் போகிறது. "டேய், வெறுந்தொட்டில ஆட்டாத, புள்ளைக்கு ஆகாது" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்துகிறார். அவருக்கு எப்படித் தெரிகிறது என்றுதான் தெரியவில்லை.

முந்தாநாள் ராத்திரி துணிந்து, அப்பாவை எழுப்பிவிட்டு, மகனைக் கட்டிலில் கிடத்தினேன். தொட்டிலைச் சுருட்டியதைப் பார்த்ததும் ஆரம்பித்தான். எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் அழுதால் பத்து வீடு முழிக்கும். பத்து வீடும் மேல்வழியாகப் பேசும். "உப்பு மொளகா சுத்திப் போடுங்க." "வவுத்து வலியா இருக்கும், ஓமத்தண்ணி குடுங்க." "அடிச்சீங்களா?" மூன்றாம் காம்பராவிலிருந்து தணிந்த குரலில், "அண்ணே, அந்தப் புள்ளைய ஆட்டித்தான் விடுங்களேண்ணே, விடிஞ்சா எனக்குப் பால்வெட்டு இருக்கு."

அதற்குள் கோழி எழும்பி, இருட்டில் எல்லார் பாயையும் மிதித்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டது. திரும்பி அடையில் உட்கார மாட்டேன் என்கிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை. பதினோரு முட்டைக்கும் காசு கேட்டு மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், குஞ்சு விலைக்கு.