கீழ் வீட்டுப் புகையும் மேல் வீட்டுக் கருவாடும்

நேற்று ராத்திரி எங்கள் ஃபிளாட் வாட்ஸாப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. "மேல் வீடுகளில் இருந்து சாம்பிராணிப் புகை அதிகமாக வருகிறது. சிலருக்கு மூச்சுத் திணறல் ஏற்படுகிறது. ஒத்துழைப்புத் தரவும்." கூடவே ரெண்டு கைகூப்பிய பொம்மை. அனுப்பியவர் எங்களுக்கு நேர் கீழ் வீட்டு சார். சாம்பிராணி போட்டது நாங்கள். அவருடைய சிகரெட் புகை எங்கள் வீட்டுக்குள் ஏறி வருவதால்தான் போட்டோம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் வீட்டு அம்மாவுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும்.

புகை மேலேதான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் சாம்பிராணி மட்டும் எந்தப் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கியது என்று தெரியவில்லை. மெசேஜுக்குக் கட்டைவிரல் காட்டியவர்கள் யாரும் இந்தச் சந்தேகத்தைக் கேட்கவில்லை. கட்டைவிரல் காட்டியவர்களில் நானும் ஒருவன்.

அண்ணனூருக்கு நாங்கள் வந்ததே காற்றுக்காகத்தான். "அம்பத்தூர் எஸ்டேட் புகையெல்லாம் இவ்ளோ தூரம் வராது சார். இந்தாண்ட திருமுல்லைவாயல், அந்தாண்ட ஆவடி. நடுவுல சும்மா ஜிலுஜிலுன்னு காத்து" என்றார் புரோக்கர். திருமுல்லைவாயல் தலபுராணத்தில் தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடி இன்னும் பூத்துக்கொண்டிருப்பதாக அவர் நம்பியிருக்க வேண்டும். அவர் சொன்னதில் பொய் இல்லை. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டின் புகை எங்கள் வீடுவரை வருவதே இல்லை. ரயில் புகையும் இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856-இல் விட்ட முதல் ரயில் இந்தப் பக்கமாகத்தான் கரும்புகை கக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் பாருங்கள், அது போய்விட்டது. வீட்டுக்குள் வந்து துண்டில் உட்கார்ந்துகொள்ளவில்லை.

துண்டு என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் பாத்ரூம் ஜன்னல் ஓ.டி.எஸ்.ஸைப் பார்த்து இருக்கிறது. பிளானில் அது வானம் பார்த்த இடம். எங்கள் கட்டடத்தில் எந்த பாத்ரூம் ஜன்னலும் வானத்தைப் பார்க்கவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. லூவர் கண்ணாடியில் மூன்றாவது துண்டு நாங்கள் வரும்போதே உடைந்திருந்தது. ஹவுஸ் ஓனர் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் போட்டுத் தரும்வரை பழைய மாதக் காலண்டர் அட்டையைச் செருகி வைத்திருக்கிறோம். விடியற்காலை, கார் ஷெட்டிலிருந்து காலி ரயில் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில், கீழே பாத்ரூம் தாழ்ப்பாள் விழும். ஒரு லைட்டர் சத்தம். பற்றாது. இன்னொரு தடவை. பற்றும். ஒரு இருமல், திருப்தியான இருமல். அப்புறம் காலண்டர் அட்டையின் ஓரமாக நீலமாக ஒரு கோடு நுழைந்து, டூத் பிரஷ்களைத் தாண்டி, துண்டை ஒரு சுற்றுச் சுற்றி, எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் போய், அங்கே ஃபேன் ஓடவில்லை என்று தெரிந்துகொண்டு, ஹாலுக்கு வரும். ஃபேனைப் போட்டால் இன்னும் மோசம். ஓ.டி.எஸ்.ஸில் இருக்கிற மிச்சத்தையும் அது எங்கள் வீட்டுக்குள் இழுத்துவிடும். உள்ளே இருப்பதை வெளியே தள்ள வேண்டிய ஃபேனை எலக்ட்ரீஷியன் திருப்பி மாட்டியிருக்கிறார்.

கீழ் வீட்டு சார் பாத்ரூமில் பிடிப்பதற்குக் காரணம் அவர் வீட்டு அம்மா. "ஹால்ல பிடிச்சா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அந்த அம்மா சொன்னதை நாங்கள் எல்லாரும் ஓ.டி.எஸ். வழியாகக் கேட்டிருக்கிறோம். அவர்கள் வீட்டில் சமாதானம். அந்தச் சமாதானத்தின் செலவுதான் எங்கள் துண்டில் நாறுகிறது.

"நேராப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீங்களும் ஃபிளாட்டில் இருப்பவர்கள்தான். ஒரு தடவை படிக்கட்டில் பார்த்தபோது, "என்ன சார், கொஞ்ச நாளா காத்தே சரியில்ல?" என்று ஆரம்பித்தேன். "அதை ஏன் கேக்கறீங்க சார்! ஆவடி ரோட்ல வண்டி ஜாஸ்தியாயிடுச்சு. பொல்யூஷன். எனக்கே காலையில இருமல் வருது" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது? மோட்டார் சாவி அவரிடம் இருக்கிறது. மெட்ரோ தண்ணி லாரிக்குப் போன் போடுவது அவர். தேங்கிய மழைத்தண்ணியில் முட்டிவரை இறங்கி சம்ப்பை மூடியது அவர். எல்லாவற்றுக்கும் மேல், அவருக்குச் சொந்த வீடு. நாங்கள் வாடகை.

சரி, வாசனை யாருக்கும் ஆகாது, சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்திருப்பேன். கருவாடு நடக்காமல் இருந்திருந்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தோம். எண்ணெய் காய்ந்து முதல் பிடி விழுந்தபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குள் செக்ரட்டரி வாசலில் நிற்கிறார். "ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க சார். கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு." யாரோ குமட்டுகிறது என்றார்களாம். யாரோ குழந்தை சாப்பிடவில்லையாம். சாயங்காலமே மொட்டை மாடியில் மீட்டிங். "காமன் ஏரியா ஸ்மெல்" என்று ஒரு அஜெண்டா. அதில் கீழ் வீட்டு சார்தான் முதலில் பேசினார். சிகரெட்டைச் செருப்பில் நசுக்கிவிட்டுப் பேசினார்.

நெத்திலி, ஐயா! கருவாட்டுக் குலத்திலேயே குழந்தை அது. அதற்கே இந்தப் பாடு என்றால் மற்றதை என்ன சொல்வது? வாளை இருக்கிறது. வெந்நீரில் ஊறப்போட்டு, மண் போகத் தேய்த்துக் கழுவி, துண்டு போட்டு, கத்தரிக்காயும் மொச்சையும் ஒரு கீற்று மாங்காயும் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தால் அன்றைக்குச் சாப்பிடக் கூடாது. மூடி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் அதற்கப்புறம் யார் மீதும் கோபம் வராது. வஞ்சிரம் இருக்கிறது, அது கல்யாணம் முடித்த வீட்டுக்காரர்கள் வாங்குவது, விலை கேட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். காரப்பொடி இருக்கிறது, கஞ்சிக்கென்றே பிறந்தது, தலையைக் கிள்ளிவிட்டு வெறும் சட்டியில் வாட்டினால் போதும், எண்ணெய்கூட வேண்டாம். சுறா இருக்கிறது. சுறாவைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அதன் வாசனை எழுத்திலேயே வந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு என்பார்கள். சுறாக் கருவாடோ ஊரையே எழுப்பும். ஆவடி மார்க்கெட்டில் கருவாட்டுக்காரம்மா சணல் சாக்கை விரித்து, இது எல்லாவற்றையும் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்றை எடுத்து ஒடித்துக் காட்டும். டக்கென்று ஒடிந்தால் நல்ல காய்ச்சல். வளைந்தால் ஈரம், வாங்காதே. அந்த அம்மா கற்றுக்கொடுத்தது. முகர்ந்து பார் என்று நீட்டும். நாம் முகர வேண்டும். மூக்கைச் சுளித்தால் அடுத்த தடவை நல்லது தராது. அதில் இருப்பது என்ன? கடல், உப்பு, வெயில். மூன்றும் நம் ஊரில் இலவசம். கருவாடு வறுத்ததால் பக்கத்து வீட்டுக்காரர் நுரையீரல் போனதாகச் சரித்திரம் உண்டா? சிகரெட் புகையில் 7,000-க்கும் மேல் ரசாயனம், அதில் குறைந்தது 69 புற்றுநோய் தரக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டுக்கு மீட்டிங். சிகரெட்டுக்கு "பாவம், பழக்கம் விட மாட்டேங்குது."

எங்கே விட்டேன்? மீட்டிங். தீர்மானம் நிறைவேறியது. அசைவம் சமைக்கலாம், ஆனால் "கடும் வாசனை உள்ளவை" தவிர்க்க வேண்டும். கடும் வாசனை என்பதன் கீழ் சிகரெட்டைச் சேர்க்கலாமே என்று என் வீட்டுக்காரி கேட்டாள். மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அது ஸ்மெல் இல்லம்மா, ஸ்மோக்" என்றார் செக்ரட்டரி.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2002-இல் 'பாபா' படத்தில் ரஜினி சிகரெட் பிடித்ததற்காக பா.ம.க. செய்த ஆர்ப்பாட்டம் நினைவிருக்கும். அடுத்த வருஷமே, 2003-இல், புகையிலைச் சட்டம் வந்தது. அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 காந்தி ஜயந்தி அன்று, பொது இடத்தில் சிகரெட் பிடிக்கத் தடை நாடு முழுக்கக் கறாரானது. மீறினால் 200 ரூபாய்வரை அபராதம். ரயில் பெட்டியில் பிடித்தால் ரயில்வே சட்டப்படி 100 ரூபாய்வரை. ஆகவே சென்ட்ரலிலிருந்து அண்ணனூர்வரை எனக்குப் பாதுகாப்பு உண்டு. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குப் போனால் கிடையாது. அவர் பாத்ரூம் பொது இடம் இல்லை. வாய் தனியார், புகை மட்டும் பொது.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஜெர்மனியில் கீழ் வீட்டுக்காரர்கள் பால்கனியில் பிடிக்கிறார்கள், மேல் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அச்சு அசல் எங்கள் கதை. 2015 ஜனவரியில் அந்த ஊர் கூட்டாட்சி நீதிமன்றம், இன்ன நேரம் பிடிக்கலாம், இன்ன நேரம் கூடாது என்று நேரம் பிரித்துக்கொள்ள வழி உண்டு என்றது. எங்களுக்கு இது சுலபம். காலண்டர் அட்டையே இருக்கிறது. ராகு காலத்தில் பிடிக்கலாம், எமகண்டத்தில் தாராளமாகப் பிடிக்கலாம். குளிகையில் மட்டும் கூடாது. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்.

ஜப்பானில் நகோயா கோர்ட் 2012-இல், கீழ் வீட்டுப் பால்கனிப் புகையில் அவதிப்பட்ட ஒரு அம்மாவுக்கு 50,000 யென் கொடுக்கச் சொன்னது. எனக்கு யென் வேண்டாம். மோட்டார் சாவி போதும். சிங்கப்பூரில் லூயிஸ் இங் என்ற எம்.பி. 2020-இல், ஜன்னல் ஓரத்திலும் பால்கனியிலும் பிடிப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பார்லிமென்டில் பேசினார். வீட்டுக்குள் எட்டிப்பார்த்துப் பிடிப்பது எப்படி என்று அரசாங்கம் தயங்கிவிட்டது. சிங்கப்பூரே தயங்குகிற விஷயத்தில் எங்கள் செக்ரட்டரி என்ன செய்வார், பாவம். அவரும் மொட்டை மாடியில் ஒன்று பற்றவைப்பவர்தான் என்பது வேறு விஷயம்.

போன வாரம் அக்ரிமென்ட் புதுப்பிக்க ஹவுஸ் ஓனர் வந்தார். சுவரில் ஆணி அடித்திருக்கிறோமா என்று கையால் தடவிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். உறவுக்காரர்கள் எத்தனை பேர் வந்து தங்குகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். நான் அவரை பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டுபோய் லூவரைக் காட்டி, புகை வருவதை முழுக்கச் சொன்னேன். நல்ல நேரம், அப்போதுதான் கீழே தாழ்ப்பாளும் விழுந்தது. லைட்டர் சத்தம் கேட்டது. நீலக்கோடு வந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், முகர்ந்தார். "ரெடி பண்ணிடலாம் சார்" என்றார். லூவரையா, கீழ் வீட்டு சாரையா என்று தெரியவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அது கிடக்கட்டும், ஏதோ கருவாடு மேட்டர்னு காதுல விழுந்துச்சு. அக்ரிமென்ட்ல ஒரு லைன் சேர்த்துக்கலாமா?" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். "சேர்த்துக்கோங்கண்ணே. சுறான்னு தனியா எழுதிக்கோங்க. ஞாயித்துக்கிழமை அதான். மீட்டிங் எத்தனை மணிக்குன்னு அவங்களையே வெச்சுக்கச் சொல்லுங்க."