சாவிக்கொத்து வைத்தியரே!

வாய்யா பேராண்டி, வா. புள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சாம், நீ ஓடிப்போயி பைக் சாவிய எடுத்தாந்து அது கையில திணிச்சியாமே? எதுக்குய்யா, புள்ள தானே வண்டிய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரும்னா?

இந்த வலிப்பு பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிசத்துல தன்னால நின்னுரும். சாவி வச்சாலும் நிக்கும், சட்டுவத்த வச்சாலும் நிக்கும், சும்மா இருந்தாலும் நிக்கும். பேர மட்டும் சாவி வாங்கிக்கிரும்.

உன் மாமியா கரண்டிய விட்டுப் பல்ல நெம்பப் பாத்தாகளாம். நல்லவேள, இருந்ததே நாலு பல்லு! நாக்க முழுங்குன புள்ளய இம்புட்டு வயசுல நான் பாக்கல. கரண்டி பட்டுப் பல்லு போன புள்ளயப் பாத்திருக்கேன்.

கை சும்மா இருக்க மாட்டேங்குதா? புள்ளயத் தரையில ஒருக்களிச்சுப் படுக்க வையி. எச்சியும் வாந்தியும் வெளிய வழிஞ்சிரும், மூச்சுக்குள்ள எறங்காது. கழுத்துப் பட்டன அவுத்துவிடு. கையக் கால அமுக்காத, அதென்ன சல்லிக்கட்டு மாடா? அப்புறம் கடியாரத்தப் பாரு. செல்லுல படம் புடிச்சா டாக்டருக்குக் காட்டலாம். குடும்ப வாட்ஸப்புல போட்டியோ, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி உனக்கு வலிப்பு வர வச்சிருவாக.

அஞ்சு நிமிசம் தாண்டுச்சா, 108-அக் கூப்புடு. மூச்சு திணறுனாலும், கழுத்து வெறச்சாலும், அன்னைக்கே மறுபடி வந்தாலும், நின்ன பெறகு புள்ள தெளியலன்னாலும் ஓடு. ஆறு மாசம் ஆகாத கைப்புள்ளைன்னா யோசிக்கவே கூடாது. மொத தடவன்னா, நின்னுட்டாலும் அன்னைக்கே காட்டிரு. நல்லா முழிக்காம வாயில சொட்டுத் தண்ணி ஊத்தாத.

ஆறு மாசத்துலருந்து அஞ்சு வயசுக்குள்ள நூறு புள்ளையில ரெண்டுலருந்து அஞ்சு புள்ளைக்கு இது வருது. அதுல மூணுல ஒண்ணுக்குத் திரும்பவும் வரும். பாரசிட்டமால் குடுத்தா புள்ள செத்த சொகமா இருக்கும். எடைக்குத் தக்கன அளவு கேட்டுக்க. வலிப்பத் தடுத்துரும்னு மட்டும் நம்பிராத. ஐஸ் தண்ணி வேணாம், நடுக்கந்தான் கூடும். ஜன்னின்னு சூடு போட ஒருத்தி வருவா, வாசல்லயே காபி குடுத்து அனுப்பிரு. எனக்குப் போட்ட தழும்பு இன்னம் இருக்கு. குணம் மட்டும் மாறல.

புத்தி மங்கிருமோன்னு கலங்காத. சாதாரணமா வந்து போற காய்ச்சல் வலிப்பால மூளைக்குக் கேடில்ல. சாவி எடுத்தாந்தவன் மூளையப் பத்தி டாக்டர்ட்டதான் கேக்கணும்.

உன் மாமியாட்ட நர்சம்மா சொன்னாகன்னு சொல்லு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா ரெண்டு கரண்டிய எடுப்பா.